பௌர்ணமிப் பைத்தியங்கள்

ராத்திரி எட்டு மணி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வீடு. வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே இருந்து சிரிப்பும் சத்தமும் கலந்து வருகிறது. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர்கள். தட்டுகளை எடுத்து எத்தனையோ நேரமாச்சு. பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை.

உள்ளே இருப்பவர்கள் யார்? ஒருவர் டாக்டர். ஒருவர் பட்டன் வியாபாரி. ஒருவர் அளவுக் கருவிகள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருவர் ராணுவத்திலிருந்து விலகிக் கண்ணாடி, சோப்பு என்று தொழிலில் இறங்கியவர். எப்போதாவது ஒரு குயவரும் வந்து சேர்ந்துகொள்வார். ஒருத்தர் தொழிலுக்கும் இன்னொருத்தர் தொழிலுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்புறம் எதற்கு இந்தக் கூட்டம்? சும்மா பேசுவதற்குத்தான்.

இது 1770-களின் கதை. கிராமச் சாலைகளில் விளக்கு கிடையாது. குழியும் சேறும் தாராளம், வழிப்பறியும் உண்டு. அந்த இருட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் வண்டியில் வீடு திரும்ப வேண்டும். என்ன செய்வது? ஆகாயத்தில் இருக்கிற விளக்கைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பௌர்ணமிக்குப் பக்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். அதனால் அதற்கு 'லூனார் சொசைட்டி' என்று பெயர் வந்தது. நிலாச் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலா ஒளி பட்டால் புத்தி பேதலிக்கும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து பிறந்த 'லூனாட்டிக்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதையும் இவர்கள் விடவில்லை. 'நாங்கள் லூனாட்டிக்குகள்' என்று தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள்.

இந்தப் பைத்தியங்கள் பேசிப் பேசியே உலகத்தின் தொழிலையும் மருத்துவத்தையும் ரசாயனத்தையும் ஓர் உலுக்கு உலுக்கினார்கள். அந்தக் கதைதான் இந்த வாரம். கதை முடிவதற்குள் ஒரு வீடு பற்றி எரியும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. பர்மிங்ஹாமுக்கு அப்போது பெரிய கௌரவம் எதுவும் கிடையாது. பாராளுமன்றத்தில் அந்த ஊருக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை. பட்டன், பக்கிள், பொடி டப்பா என்று சின்னச் சின்ன உலோகச் சாமான்கள் செய்கிற ஊர். ஆனால் இந்தக் கௌரவக் குறைவில் ஒரு லாபமும் இருந்தது. அரசாங்கச் சர்ச்சான ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை 'டிசென்டர்கள்' என்பார்கள். சட்டப்படி அவர்கள் அரசாங்கப் பதவிக்கு வர முடியாது. ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்க முடியாது. பதவியும் இல்லை, பட்டமும் இல்லையென்றால் மனுஷன் என்ன செய்வான்? தொழில் செய்வான். கெடுபிடி குறைந்த பர்மிங்ஹாம் அவர்களுக்குத் தோதாக இருந்தது.

அந்த ஊர்க்காரர்தான் நமது பட்டன் வியாபாரி, மேத்யூ போல்டன். இவர் டிசென்டர் இல்லை. ஆனால் யாரோடும் பழகுவார். அப்பா விட்டுப்போன பட்டன், பக்கிள் வியாபாரத்தை எடுத்து, 1760-களில் சோஹோ என்ற இடத்தில் மாளிகை மாதிரி ஒரு தொழிற்சாலை கட்டினார். வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் அதைச் சுற்றுலாத் தலம் மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய சிநேகிதர் டாக்டர் எராஸ்மஸ் டார்வின். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, லிச்ஃபீல்டில் வைத்தியம் பார்த்தவர். பருத்த உடம்பு, திக்குவாய். ஆனால் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். காற்றாலை, மேகம், செடி, பேசும் இயந்திரம் என்று அவர் கை வைக்காத விஷயம் குறைவு. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா இவர்தான். 1750-களின் கடைசியில் போல்டனும் டார்வினும் நண்பர்களானார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஹாபி, விஞ்ஞானம். ஆமாம், ஹாபிதான். இந்தக் கூட்டத்தில் விஞ்ஞானத்தை உத்தியோகமாக வைத்துச் சம்பளம் வாங்கியவர் ஒருத்தர்கூட இல்லை. பகலெல்லாம் பிழைப்பு. மிச்ச நேரத்தில் பரிசோதனை.

இரண்டு பேர் பேசிக்கொண்டால் அது சிநேகம். அது கூட்டமாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். எல்லோருக்கும் வேண்டியவராக, தனக்கென்று எதுவும் கேட்காதவராக. அப்படி வந்தவர்தான் வில்லியம் ஸ்மால்.

ஸ்காட்லாந்துக்காரர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்துக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரிடம் படித்த பையன்களில் ஒருவன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன். தன் வாழ்க்கையின் போக்கையே தீர்மானித்தவர் ஸ்மால்தான் என்று ஜெஃபர்சன் வயதான காலத்தில் எழுதி வைத்தார். 1765-ல் ஸ்மால் பர்மிங்ஹாமுக்கு வந்தார். கையில் ஒரு சிபாரிசுக் கடிதம். எழுதியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். போல்டனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிடித்துப் போட்டுக்கொண்டார்.

ஸ்மால் புத்தகம் எதுவும் எழுதவில்லை. பெரிய கண்டுபிடிப்பு எதற்கும் அவர் பெயர் இல்லை. ஆனால் யாருக்கு யாரைத் தெரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தருக்குச் சொல்வார். ஒருத்தர் சந்தேகத்தை இன்னொருத்தர் தலையில் போடுவார். உங்கள் நண்பர்கள் வட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார். யோசித்துப் பாருங்கள். அவர் வராத நாளில் கூட்டமே சப்பென்று இருக்கும்.

இந்த ஸ்மால் செய்த காரியத்தில் முக்கியமானது ஜேம்ஸ் வாட்டைப் பர்மிங்ஹாமுக்குக் கொண்டுவந்தது. கெட்டிலின் மூடி ஆடியதைப் பார்த்து வாட் நீராவி இஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது கதை. நீராவி இஞ்சின் வாட்டுக்கு முன்னாலேயே இருந்தது. நியூகாமென் என்பவர் செய்த இஞ்சின், சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது நிலக்கரி தின்னிப் பூதம். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சூடாக்க வேண்டும், குளிர வைக்க வேண்டும், மறுபடி சூடாக்க வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அந்த இஞ்சினின் மாதிரி ஒன்றை ரிப்பேர் பார்த்த வாட்டுக்கு, 1765-ல் ஒரு யோசனை உதித்தது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும். நீராவியைக் குளிரவைக்க ஒரு தனிப் பாத்திரம் வைத்தால் என்ன?

யோசனை பிரமாதம். பணம்? ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் பணம் போட்டார். 1769-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதற்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று யோசனை சொன்னவர்களில் ஸ்மாலும் ஒருவர். ஆனால் 1773-ல் ரோபக் திவாலாகிவிட்டார். அதே வருஷம் வாட்டின் மனைவியும் இறந்துபோனார். வாட் இயல்பிலேயே சோர்ந்துபோகிற ஆள். இத்தோடு முடிந்தது என்றே எண்ணிவிட்டார்.

ரோபக்கிடம் கடன் வசூலிக்க வேண்டியவர்களில் போல்டனும் ஒருவர். சுமார் 1,200 பவுண்டு பாக்கி. கடனுக்குப் பதிலாக அவர் கேட்டது என்ன தெரியுமா? அந்த இஞ்சின் காப்புரிமையில் ரோபக்குக்கு இருந்த மூன்றில் இரண்டு பங்கு! மற்ற கடன்காரர்கள் அதைச் சல்லிக்காசுக்கும் மதிக்கவில்லை. நான் காமர்ஸ் படித்தவன். வராக்கடனை எழுதித் தள்ளுவது எப்படி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வராக்கடனை வைத்து ஒரு யுகத்தையே விலைக்கு வாங்குவது எப்படி என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. போல்டனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? வருஷக்கணக்காக வாட்டோடும் ஸ்மாலோடும் பேசியும் எழுதியும் அந்த இஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். மற்றவர்கள் பார்த்தது காகிதத்தை. இவர் பார்த்தது ஆளை.

1774-ல் வாட் பர்மிங்ஹாமுக்குக் குடிவந்தார். 1775-ல் பாராளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. 1776-ல் முதல் இஞ்சின்கள் ஓடத் தொடங்கின. அவற்றுக்குக் கூலி வாங்கிய விதம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கேளுங்கள். பழைய பாணி இஞ்சின் இதே வேலைக்கு எவ்வளவு நிலக்கரி தின்னும்? நம்முடையது எவ்வளவு தின்கிறது? மிச்சமான நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுங்கள், போதும். உங்களுக்கு மிச்சமானால்தான் எங்களுக்கு வரும்படி! நிலக்கரியைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்த கார்ன்வால் சுரங்க முதலாளிகள் ஓடி வந்தார்கள். பிற்பாடு, வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே என்று அவர்களே முணுமுணுத்தார்கள். அது மனித சுபாவம்.

ஆனால் இந்த இஞ்சின்கள் ஓடியதைப் பார்க்க ஸ்மால் இல்லை. 1775 பிப்ரவரியில், நாற்பத்தோரு வயதுகூட நிரம்பாமல் அவர் காய்ச்சலில் இறந்துவிட்டார். அந்த மே மாதம் அமெரிக்காவிலிருந்து ஜெஃபர்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கூடவே மூன்று டஜன் பாட்டில் மடீரா ஒயின். இங்கிலாந்துக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் சண்டை வெடித்துவிட்ட சமயம் அது. தேசங்கள் அடித்துக்கொண்டாலும் நம் சிநேகிதம் கெடக் கூடாது என்கிற தொனியில் எழுதப்பட்ட கடிதம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நடுவில் இருந்த ஆள் போய்விட்டால் சாதாரணமாக என்ன ஆகும்? கூட்டம் கலைந்துவிடும். இங்கே நேர்மாறாக நடந்தது. இனிமேல் அதுபாட்டுக்கு நடக்காது, நாமாகத்தான் நடத்த வேண்டும் என்று மிச்சமிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. பௌர்ணமிக் கூட்டம் என்ற ஒழுங்கு, ஸ்மால் போன பிறகுதான் வந்தது. 1775 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை போல்டன் வீட்டில் கூடினார்கள். ஸ்மால் பார்த்துவந்த வைத்தியத் தொழிலை எடுத்துக்கொள்ள வில்லியம் விதரிங் என்ற டாக்டரை டார்வின் வரவழைத்தார். சங்கத்துக்கும் புதிய ஆள் கிடைத்தார்.

சங்கம் என்கிறேனே தவிர, அதற்குச் சட்டதிட்டம் கிடையாது. தலைவர், செயலாளர், சந்தா, மினிட்ஸ் புத்தகம் எதுவும் இல்லை. எல்லாக் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உறுப்பினர்கள் பதினான்கு பேர் தேறுவார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் மட்டும் தப்பிப் பிழைத்ததால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது.

அப்படி ஒரு கடிதம் 1778-ல் டார்வின் போல்டனுக்கு எழுதியது. நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால் கூட்டத்துக்கு வர முடியவில்லை. மனுஷருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நீங்கள் எல்லாரும் அங்கே விஞ்ஞானத்தையும் வேடிக்கையையும் இறகுப்பந்து மாதிரி ஒருத்தருக்கொருத்தர் தட்டி விளையாடிக்கொண்டிருப்பீர்கள், நானோ யாரோ ஒருத்தரின் வயிற்றுவலியோடு யுத்தம் செய்ய வண்டியில் குலுங்கிக்கொண்டு போகிறேன் என்று புலம்பித் தள்ளியிருக்கிறார். படித்தால் சிரிப்பு வரும். ஒரு நாள் அரட்டையைத் தவறவிட்டதற்கு இவ்வளவு துக்கப்படுகிறார் என்றால் அந்த அரட்டை எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு காட்சி. உறுப்பினர்களில் ஒருவரான டாக்டர் ஸ்டோக்ஸ் வருகிற வழியில் குளிரில் விறைத்துக் கிடந்த பாம்பு ஒன்றைப் பார்த்து, ஆராய்ச்சிக்கு ஆகுமே என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேச்சு சுவாரசியத்தில் அதை மறந்தும்விட்டார். அறைச் சூட்டில் பாம்புக்கு உயிர் வந்தது. பையிலிருந்து தலை நீட்டியது. அவ்வளவுதான், மேதைகள் அத்தனை பேரும் திகைத்துப்போனார்கள். அதைப் பிடித்தது யார் தெரியுமா? வீட்டுக்காரர் சாமுவேல் கால்டனின் சின்னப் பெண். போய் அந்தப் பாம்பைப் பிடி என்று அம்மா சொல்ல, அவள் போய்ப் பிடித்துவிட்டாள். பிற்காலத்தில் அவளே இதை எழுதி வைத்திருக்கிறாள். அந்த மேஜையில் பெண்களுக்கு நாற்காலி கிடையாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பாம்பு பிடிக்க மட்டும் ஒரு பெண் குழந்தை வேண்டியிருந்தது.

1780-ல் ஜோசப் பிரீஸ்ட்லி வந்து சேர்ந்தார். டிசென்டர் சபையின் போதகர். பிரசங்கம் செய்வது தொழில், வாயுக்களைப் பிடித்து ஆராய்வது ஹாபி. முன்பு லீட்ஸ் நகரத்தில் ஒரு பீர் தொழிற்சாலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தபோது, தொட்டியில் மிதக்கிற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்து சோடா செய்தவர் இவர்தான். 1774-ல் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்ததும் இவரே. போதகருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஏது? அவருக்காகக் கூட்டத்தையே திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். பிழைப்புக் கவலை இல்லாமல் அவர் பரிசோதனை செய்ய, நண்பர்கள் பணம் போட்டுக் கொடுத்தார்கள்.

எப்போதாவது வந்த குயவர் என்றேனே, அவர் ஜோசையா வெட்ஜ்வுட். சாதாரணக் குயவர் இல்லை. ராணிக்குப் பாத்திரம் செய்து கொடுத்தவர். சின்ன வயசில் அம்மை போட்டதில் பாதிக்கப்பட்ட கால், 1768-ல் வெட்டி எடுக்கப்பட்டது. மரக்காலோடு தொழிற்சாலையைச் சுற்றி வந்தவர். பிரீஸ்ட்லிக்கு வேண்டிய மூசை, குழாய் எல்லாம் அவர் சூளையிலிருந்து வந்தன. பதிலுக்குக் களிமண்ணின் ரசாயனம் அவருக்குக் கிடைத்தது. யாரும் பில் போடவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் லாபம்.

சரி, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். டாக்டர் விதரிங், டிஜிடாலிஸ் என்ற செடி இதயக் கோளாறால் வரும் நீர்வீக்கத்துக்கு நல்ல மருந்து என்று கண்டு, பத்து வருஷம் நோயாளிகளைக் கவனித்து, 1785-ல் புத்தகம் போட்டார். அந்தச் செடி இனத்திலிருந்து எடுக்கிற டிகாக்ஸின் இன்றைக்கும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் 1780-லேயே, இறந்துபோன தன் மகனின் ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சிட்ட டார்வின், அதே செடியைப் பற்றிய தன் குறிப்பையும் அதில் சேர்த்துவிட்டார். விதரிங் பெயர் அதில் இல்லை. அழைத்து வந்தவரும் அழைக்கப்பட்டவரும் கடைசி வரை முறைத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. 1787-ல் வெட்ஜ்வுட் ஒரு சின்னப் பதக்கம் செய்தார். கையில் விலங்கோடு மண்டியிட்டுக் கெஞ்சும் ஒரு கறுப்பின அடிமையின் உருவம். அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்தின் சின்னமாக அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெண்கள் அதை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். பிரீஸ்ட்லியும் டார்வினும் அதே கட்சி. ஆனால் கால்டன்? பாம்பு பிடித்த பெண்ணின் அப்பா? அவர் துப்பாக்கி உற்பத்தியாளர். ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களை வாங்க, பண்டமாற்றாகப் போனவற்றில் பர்மிங்ஹாம் துப்பாக்கிகளும் உண்டு. யுத்தமே பாவம் என்று சொல்லும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர் அவர். 1796-ல் அந்தச் சபை அவரை விலக்கி வைத்தது. நிலாச் சங்கம் விலக்கவில்லை. பிற்காலத்தில் போல்டன், வாட் கம்பெனியின் இஞ்சின்களும் அடிமைகள் வேலை செய்த கரீபியன் கரும்பு ஆலைகளுக்குப் போயின. நல்ல பேச்சு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேச்சு பர்ஸைத் தொடும்போது பல பேருக்குக் காது அடைத்துக்கொள்ளும். மேதைகளுக்கும்தான்.

இப்போது நெருப்புக்கு வருவோம்.

பிரீஸ்ட்லி விஞ்ஞானத்தோடு நின்றுகொள்ளவில்லை. டிசென்டர்களுக்கு எதிரான சட்டங்களை நீக்க வேண்டும் என்று எழுதினார், பேசினார். பழைய மூடநம்பிக்கைகளுக்கு அடியில் வெடிமருந்து வைக்கிறோம் என்கிற மாதிரி ஓர் உவமையைச் சொல்லப் போக, எதிரிகள் அவருக்கு 'வெடிமருந்து ஜோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1789-ல் ஃபிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரீஸ்ட்லி அதை வரவேற்றார். ஊரில் சந்தேகம் புகைய ஆரம்பித்தது.

1791 ஜூலை 14. பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்டதன் இரண்டாம் ஆண்டு நிறைவுக்குப் பர்மிங்ஹாம் ஹோட்டல் ஒன்றில் விருந்து. தலைமை வகித்தவர் ஜேம்ஸ் கெய்ர். ஆரம்பத்தில் சொன்ன அந்த ராணுவக்காரர், நிலாச் சங்கத்தின் ரசாயன நிபுணர். நண்பர்கள் வேண்டாமென்றதால் பிரீஸ்ட்லி விருந்துக்குப் போகவே இல்லை. ஆனால் கூட்டத்துக்கு அவர்தானே வேண்டும்? 'சர்ச்சும் ராஜாவும் வாழ்க' என்று கத்திக்கொண்டு கும்பல் முதலில் ஹோட்டல் ஜன்னல்களை உடைத்தது. பிறகு பிரீஸ்ட்லியின் ஆலயத்தைக் கொளுத்தியது. அடுத்து அவர் வீடு.

சாப்பாடு முடித்துவிட்டு மனைவியோடு பகடை ஆடிக்கொண்டிருந்தார் பிரீஸ்ட்லி. கதவு தட்டப்பட்டது. கும்பல் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அப்படியே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்த அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் அவர் மகன் முன்யோசனையோடு அணைத்து வைத்திருந்தார். கும்பலுக்கு நெருப்பு கிடைக்கவில்லை. எரிகிற மெழுகுவர்த்தி ஒன்று கொடுத்தால் இரண்டு கினி தருகிறேன் என்று ஒருவன் கூவியது, தூரத்தில் நின்ற பிரீஸ்ட்லியின் காதில் விழுந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மின்சாரக் கருவியைச் சுற்றி, அதிலிருந்து தீப்பொறி எடுக்கக்கூட முயன்றார்கள். விஞ்ஞானியின் வீட்டை அவருடைய கருவியை வைத்தே கொளுத்தப் பார்த்திருக்கிறார்கள். அது பலிக்கவில்லை. கடைசியில் நெருப்பு எங்கிருந்தோ வந்தது. புத்தகங்கள், கருவிகள், வருஷக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின.

கலவரம் ஜூலை 17 வரை ஓயவில்லை. விதரிங் வீடும் தாக்குதலுக்கு ஆளானது. போல்டனும் வாட்டும் தொழிலாளிகள் கையில் துப்பாக்கி கொடுத்து சோஹோவைக் காவல் காத்தார்கள். நல்லவேளை, கும்பல் அங்கே வரவில்லை. பிரீஸ்ட்லி நஷ்டஈடாகச் சுமார் 3,600 பவுண்டு கேட்டார். கிடைத்தது சுமார் 2,500.

அவர் அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. நண்பர்கள் அவரைக் கைவிடவும் இல்லை. லண்டனில் புதிய ஆராய்ச்சிக் கூடம் அமைக்கக் கருவிகளும் உதவியும் அனுப்பினார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. 1794 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவர் நடுக்கடலில் இருந்த மே மாதத்தில், அவருடைய ரசாயனப் போட்டியாளர் லவாய்ஸியரைப் பாரீஸில் புரட்சிக்காரர்கள் கில்லட்டினில் தலை சீவினார்கள். வாயுக்களைப் பற்றி ஆயுள் முழுக்க வாதாடிய இரண்டு பேர். புரட்சியை ஆதரித்தார் என்று ஒருவரை இந்தப் பக்கத்துக் கும்பல் விரட்டியது. புரட்சிக்கு ஆகாதவர் என்று இன்னொருவரை அந்தப் பக்கத்துக் கும்பல் கொன்றது. கும்பல்களுக்குக் கட்சி வேறு, குணம் ஒன்று.

கப்பல் ஏறுவதற்கு முன்னால், 1793-ல், பிரீஸ்ட்லி தன் ஆராய்ச்சி நூல் ஒன்றை நிலாச் சங்கத்து நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் காணிக்கையுரையில் அவர் சொன்ன விஷயம்தான் இந்தக் கதையின் சாரம் என்று எனக்குப் படுகிறது. ஒருவருடைய மதமோ அரசியலோ எதுவென்று நாம் பொருட்படுத்தியதில்லை, விஞ்ஞானத்தின் மீதிருந்த ஆசை ஒன்றே நம்மைச் சேர்த்து வைத்தது என்பது அதன் சாரம். வீட்டை மதமும் அரசியலும் சேர்ந்து கொளுத்திய பிறகு, சாம்பலை விட்டு வந்தவர் எழுதியது இது. பிரீஸ்ட்லி டிசென்டர் போதகர். டார்வினுக்கு மத நம்பிக்கையே சந்தேகம். போல்டன் அரசாங்கத்தை அனுசரித்துப் போகிறவர். ஊருக்குள் இவர்கள் தனித்தனிக் கட்சி. மேஜையில் அப்படி இல்லை. அவர்களும் கத்தினார்கள், வாதாடினார்கள், டார்வினும் விதரிங்கும் மாதிரி உர்ரென்றும் இருந்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு வண்டி மட்டும் கட்டாமல் இருந்ததில்லை.

கலவரத்துக்குப் பிறகு சங்கம் பழையபடி இல்லை. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஒவ்வொருவராக இறந்தார்கள். 1813-ல் சங்கத்துக்கு மிச்சமிருந்த விஞ்ஞானப் புத்தகங்கள் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு கால்டனுக்கு விழுந்தது. அதோடு சரி.

ஆனால் அவர்கள் விட்ட காசு நம் ஊர் வரைக்கும் உருண்டு வந்தது. நிஜமான காசைத்தான் சொல்கிறேன். போல்டன் 1788-ல் சோஹோவில் நீராவி இஞ்சினால் ஓடுகிற நாணயச் சாலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் புழங்க விட்ட 1803, 1808 என்று வருஷம் பொறித்த பத்து காசு, இருபது காசு செம்பு நாணயங்கள் அங்கே அடித்தவைதான். அப்படி நாணயம் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள் புயலில் மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கான காசுகளை மேலே எடுத்தார்கள். வாட்டின் இஞ்சின் அழுத்த, போல்டனின் அச்சு பதிய, நம்ம ஊர்க் கடைத்தெருவுக்கு வந்திருக்க வேண்டிய சில்லறை!

2011-ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு 50 பவுண்டு நோட்டு வெளியிட்டது. பின்பக்கத்தில் போல்டனும் வாட்டும் ஜோடியாக இருந்தார்கள். அந்த பாங்க் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பேர் படம் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. 2022 செப்டம்பர் வரை அது செல்லுபடியானது. அந்த ஜோடியைச் சேர்த்து வைத்த ஸ்மாலின் முகம் எந்த நோட்டிலும் வரவில்லை. எந்தக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டிலும் அந்தக் கணக்குக்குத் தலைப்பு இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்களுக்கும் ஒரு ஹாபி இருக்கும். தபால் தலை, செஸ், பறவை பார்ப்பது, பழைய பாட்டு, ஏதோ ஒன்று. அதைப் பேசுவதற்கென்று நாலு பேரும் இருப்பார்கள், அல்லது ஒரு காலத்தில் இருந்திருப்பார்கள். அதில் ஒருத்தர் ஓட்டுப் போடுகிற கட்சி உங்களுக்குப் பிடிக்காது. ஒருத்தர் போகிற கோயிலுக்கு நீங்கள் போக மாட்டீர்கள். அந்தக் காரணத்துக்காகப் பேச்சு நின்று எத்தனை நாளாச்சு?

காலண்டரைப் பாருங்கள். இப்போது தெருவிளக்கு இருக்கிறது. பௌர்ணமி வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.